அத்தியாயம் 3: கையெழுத்துக்கு எங்கே அனுமதி?

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலோ, ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலோ, பி.ஏ.சி.ஆர். பாலிடெக்னிக்கிலோ சிவில் முடித்துவிட்டு ஊரிலேயே அலுவலகம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இன்ஜினியர் லைசென்ஸ் எங்கே வாங்கணும்?" என்பது. நேரடியான பதில்: அப்படி ஒரே ஒரு லைசென்ஸ் இந்தியாவில் கிடையாது. டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் உண்டு, வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு. கட்டிடக்கலைஞர்களுக்குக்கூட 1972-லேயே ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் வந்துவிட்டது. பொறியாளர்களைப் பதிவு செய்து, "இவர் தொழில் செய்யலாம்" என்று சொல்லும் மத்தியச் சட்டம் மட்டும் அவர்களோடு சேர்ந்து வரவில்லை.

1920-ல் தொடங்கப்பட்டு 1935-ல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ், உறுப்பினர்களுக்குச் சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்று தருகிறது. நல்ல சான்றுதான். சில அலுவலகங்கள் அதைக் கேட்கவும் செய்யும், வெளிநாடு போகிறவர்களுக்கும் பயன்படும். ஆனால் அந்தச் சான்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் ஒரு வீட்டு பிளானில் கையெழுத்திட முடியாது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு உறுதிச்சான்று தருவதற்கு வேறு தகுதி, வங்கிக்கு மதிப்பீடு எழுத வேறு பதிவு. உங்கள் பட்டம் ஒன்றுதான். அதை ஏற்றுக்கொள்ளும் அலுவலகங்கள் பல, ஒவ்வொன்றும் தன் விதியின்படிதான் ஏற்கும். ஆகவே அலுவலகத்துக்குப் போர்டு எழுதக் கொடுக்கும் முன்பே, எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

போர்டைப் பற்றியே ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வரைபடம் போடுகிறோம் என்பதற்காக 'ஆர்க்கிடெக்ட்' என்று எழுதிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது: ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் மற்றவர்கள் கட்டிட வடிவமைப்பு செய்வதைத் தடுக்கவில்லை, பதிவு இல்லாதவர்கள் அந்தப் பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது. 'சிவில் இன்ஜினியர்' என்று எழுதுங்கள். அதன் கீழே பதிவு எண்ணையும் தரநிலையையும் போடுங்கள். பதிவு வரும்வரை அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.

நகராட்சிப் பதிவு

நம் ஊர்களில் பெரும்பான்மையான வேலை வீடுகளும் கடைகளும்தான். அதனால் முதலில் வாங்க வேண்டியது கட்டிட விதிகளின் கீழான பதிவு. பெரியவர்கள் இன்னமும் இதை 'எல்.பி.எஸ். (லைசென்ஸ்டு பில்டிங் சர்வேயர்) லைசென்ஸ்' என்பார்கள். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் கட்டிட விதிகளும் நடந்த காலத்து வழக்கம் அது. இப்போது மாநிலம் முழுவதற்கும் பொருந்துவது 2019 பிப்ரவரி 4-ஆம் தேதி அரசாணையாக வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி என்று தனித்தனியாக இருந்த விதிகளை அது ஒன்றாக்கியது. ராஜபாளையம் நகராட்சிக்குள் இருக்கும் மனைக்கும், சேத்தூர், செட்டியார்பட்டி, மம்சாபுரம் பேரூராட்சி மனைக்கும் அடிப்படை விதி அதுவே. திருத்தங்கள் அடிக்கடி வருகின்றன. பழைய பிரதியை வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள்.

அந்த விதிகள் தொழில்முறையாளர்களைப் பல வகையாகப் பிரிக்கின்றன: கட்டிடக்கலைஞர், பதிவுபெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர், நகரமைப்பாளர், இவர்களோடு மேம்பாட்டாளரும் உண்டு. பட்டமா பட்டயமா, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைப் பொறுத்துத் தரநிலை கிடைக்கும். தரநிலை என்பது நீங்கள் எந்த அளவுக் கட்டிடம் வரை கையெழுத்திடலாம் என்பதற்கான எல்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த எல்லையைச் சின்ன விஷயம் என்று நினைத்து, கடைசியில் மேல்தளத்தைச் சேர்த்த பிளானில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பத்தில் பொதுவாகக் கேட்கப்படுபவை பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கட்டணம். இவற்றில் இழுப்பது எப்போதும் அனுபவச் சான்றுதான். ஏதாவது ஒரு பொறியாளரிடம் வேலை பார்க்கும்போதே, எந்தக் கட்டிடம், எத்தனை சதுர அடி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, நீங்கள் செய்தது வரைபடமா வடிவமைப்பா மேற்பார்வையா என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து, 'இவர் என்னிடம் திருப்தியாக வேலை பார்த்தார்' என்ற ஒற்றை வரிச் சான்றோடு போய் நின்றால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். பதிவு கையில் வந்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அது எந்த எல்லை வரை செல்லும், எப்போது புதுப்பிக்க வேண்டும், ஒற்றைச் சாளர இணையதளத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அலுவலகங்கள் வேறு வேறு. இரண்டு ஊரிலும் வேலை எடுக்கிறவர்கள் இரண்டு இடத்திலும் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தே முக்கால் சென்ட்

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை சிறு நகர வேலையையே மாற்றிவிட்டது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அதோடு முதல் தளமோ கட்டுகிற குடியிருப்புக்கு உரிமையாளரே இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டித் தள ஆய்வு இல்லை.

நம் ஊரில் மனையைச் சென்ட்டில்தான் பேசுவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் 2,178 சதுர அடி, முறைக்குள் நன்றாக அடங்கும். ஐந்தே முக்கால் சென்ட் 2,504.7 சதுர அடி, அடங்காது. 'ஏறத்தாழ ஐந்தரை' என்று வாய்வார்த்தையில் சொன்ன மனை, எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) வரைபடத்தில் அளந்தால் எல்லையைத் தாண்டியிருக்கலாம். பட்டா, பத்திரம், தரையில் நாடா பிடித்த அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் விண்ணப்பத்தைத் திறக்காதீர்கள்.

சுயசான்று வந்த பிறகு பொறியாளர் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அதை நேர்மாறாகப் பார்க்கிறேன். முன்பெல்லாம் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்ப்பார், தப்பு இருந்தால் அவர் கண்ணிலாவது படும். இப்போது அந்த மனையைக் கண்ணால் பார்க்கிற படித்த கடைசி ஆள் வரைபடம் போட்ட நீங்கள்தான். ஓடைப் புறம்போக்கு உள்ளே வருகிறதா, மேலே மின்கம்பி போகிறதா, பாதை பத்திரத்தில் சொன்ன அகலத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு ஆகிவிட்டது.

மனை அங்கீகாரத்தைத் தனியாகப் பாருங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்த பிறகு, 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 அதற்கான வெட்டுத்தேதி. நெல்வயலைப் பிரித்துக் கல் நட்டு விற்ற மனைகள் இரண்டு ஊரைச் சுற்றியும் உண்டு. வரன்முறை உத்தரவு கையில் இல்லாத மனைக்கு பிளான் போட்டு முன்பணம் வாங்குவது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம். மேற்கே மலையடிவாரம் பக்கம் போனால் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் வருகிறதா? ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. வன எல்லைக்குப் பக்கத்து நிலம் என்றால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

பள்ளி, மண்டபம், மில்

வீட்டைத் தாண்டினால் வேறு சட்டம். பள்ளி, திருமண மண்டபம் போன்ற பொதுக் கட்டிடங்களுக்கு 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டிடங்கள் உரிமச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். 'படிவம் டி' என்று பள்ளிக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதற்கு அடிப்படையாகப் பொறியாளரின் கட்டிட உறுதிச்சான்று கேட்கப்படும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு இந்தத் தாளின் கனம் கூடியது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒரு பொறியாளரும் இருந்தார். மே மாதக் கடைசியில், பள்ளி திறக்கும் அவசரத்தில், "போன வருஷம் குடுத்த மாதிரியே அடிச்சுக் குடுங்க சார்" என்று கேட்டு வருவார்கள். போய்ப் பார்க்காமல் அந்தத் தாளைத் தொடாதீர்கள். பில்லர், பீம் மட்டும் பார்த்தால் போதாது. படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழியில் பூட்டு, சமையலறை இருக்கும் இடம், மொட்டை மாடியில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை, சன்ஷேடில் கம்பி தெரிகிற இடம் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகள் என்று தொழிற்கட்டிட வேலை நிறைய உண்டு. அவற்றின் வரைபட ஒப்புதலும் உறுதிச்சான்றும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கீழ் வரும். சான்று தர யாருக்குத் தகுதி என்று அவர்கள் வைத்திருக்கும் விதி நகராட்சிப் பதிவிலிருந்து வேறுபட்டது. ஓடுகிற இயந்திரத்தின் அதிர்வு தாங்கும் தளத்துக்கு, வீட்டுக் கணக்கு தெரிந்த ஒருவர் கையெழுத்திடக் கூடாது. அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரோடு சேர்ந்து செய்யுங்கள். மின் வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் வயர்மேனும்தான் கையெழுத்திட வேண்டும், சிவில்காரர் அல்ல.

வங்கி மதிப்பீட்டுக்கு வர விரும்புகிறவர்கள் 2017-ஆம் ஆண்டின் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகளைப் படிக்க வேண்டும். நிலம், கட்டிடம் என்ற பிரிவுக்கு சிவில் பட்டத்தோடு ஐந்து ஆண்டு அனுபவம், பயிற்சி, தேர்வு என்று வரிசை உண்டு. ஒவ்வொரு வங்கியும் தன் பேனல் தகுதியைத் தனியே வைத்திருக்கும். மனைப்பிரிவு போடுகிறவர் உங்களைத் தேடி வந்தால் ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் நினைவில் இருக்கட்டும். 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12.36 சென்ட் தாண்டிய திட்டத்துக்குப் பதிவு வேண்டும். வாங்குகிறவர்கள் கட்டிய பணத்தைத் திட்டக் கணக்கிலிருந்து எடுப்பதற்குப் பொறியாளரின் சான்றும் தேவைப்படுகிறது. நடக்காத வேலைக்கு நடந்ததாகச் சான்று கொடுத்தால் வீடு கிடைக்காமல் நிற்பது மற்றவர்கள்.

"கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க"

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பதிவு கிடைத்த செய்தி ஊருக்குத் தெரிந்ததும் முதலில் வருகிற வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, பிளான் எல்லாம் அங்கன கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டாச்சு. வேலை நம்ம மேஸ்திரி பாத்துக்குவாரு, முப்பது வருஷ அனுபவம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. வர்றத வாங்கிக்கங்க."

"அண்ணாச்சி, மேஸ்திரி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கையெழுத்து போட்டா வேலைய நான் பாக்கணும். குழி வெட்டுற அன்னைக்கும், கம்பி கட்டி முடிச்ச அன்னைக்கும் நான் வந்து பாத்த பிறகுதான் கான்கிரீட். அதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கே மனைய வந்து பாக்குறேன்."

இந்தப் பதிலைச் சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேர் உங்கள் வாடிக்கையாளர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? சிங்கப்பூர் செரங்கூன் சாலை, நம் ஆட்கள் கடைகள் நிறைந்த பகுதி. அங்கே 1971-ல் கட்டிய ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இருந்தது. 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் முழுக் கட்டிடமும் இடிந்து 33 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது: வடிவமைப்புக் கணக்கில் கட்டிடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை, கணக்குப் போட்டவர் தகுதியில்லாத ஒரு வரைவாளர். அந்தப் பிழை பதினைந்து ஆண்டு நின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு 1989-ல் வந்த கட்டிடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பில்லாத இன்னொரு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்தது. நம் பக்கம் 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். இலங்கையில் 2017-ஆம் ஆண்டின் பொறியியல் பேரவைச் சட்டம் பொறியாளர் பதிவைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 1907-லேயே தொடங்கியது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது வரும்வரை நம் ஊர் வீட்டுக்காரருக்கு இருக்கிற காவல் கையெழுத்துப் போடுகிறவரின் நாணயம் மட்டும்தான்.

இரண்டு மாடி வீட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா என்றால், பொருந்தும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரச் செம்மண், கிழக்கே சாத்தூர் திசையில் போகப் போகக் கரிசல். கரிசல் மண் மழைக்கு வீங்கும், கோடைக்கு வெடிக்கும். செம்மண்ணில் பழகிய மேஸ்திரி அதே ஆழத்தில் கரிசலில் அஸ்திவாரம் போட்டால், இரண்டாவது வருடமே சுவரில் கோணலாக விரிசல் ஓடும். தூர்ந்த கண்மாய்க் கரையோரம் மண் கொட்டி மேடாக்கிய மனைகளில், மேலே நல்ல மண்ணும் கீழே சேறும் இருக்கும். குறைந்தது ஒரு குழி தோண்டி, உரிய ஆழம் வரை இறங்கிப் பார்த்து, சந்தேகமிருந்தால் மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வேறு சிக்கல். வீடுகள் ஒட்டி ஒட்டி, பொதுச்சுவரோடு நிற்கும். சுண்ணாம்புச் சுவருக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டை இடித்துவிட்டு ஜே.சி.பி.யை இறக்கி முழு நீளத்துக்கும் ஒரே நாளில் குழி எடுத்தால் பக்கத்து வீட்டுச் சுவர் இறங்கிவிடும். சின்னச் சின்னப் பகுதியாக எடுத்து, முட்டுக் கொடுத்து, கான்கிரீட் போட்டபின் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். தொடங்கும் முன் பக்கத்து வீட்டின் விரிசல்களை அந்த வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே படம் எடுத்துவிடுங்கள். பிற்பாடு வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

கட்டணத்தை வரைபடம், வடிவமைப்பு, மேற்பார்வை என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். மேற்பார்வை என்றால் எந்தெந்தக் கட்டத்தில் வருவீர்கள் என்றும் சொல்லுங்கள்: குழி, ஃபுட்டிங் கம்பி, பிளிந்த் பெல்ட், லிண்டல், ரூஃப் ஸ்லாப். 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒரே தொகையாகப் பேசினால், தளத்துக்குப் போவதுதான் முதலில் வெட்டுப்படும்.

கம்பி சரிபார்த்த தாளில் மேஸ்திரியும் வீட்டுக்காரரும் கையெழுத்திடட்டும். கான்கிரீட்டுக்கு கியூப் போடுங்கள். ஐ.எஸ். 456-ன்படி ஆர்.சி.சி. வேலைக்குக் குறைந்தது எம்20 வேண்டும். 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 15 கன மீட்டர் வரை இரண்டு, ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப். 1,000 சதுர அடி ஸ்லாப், ஐந்து அங்குல கனம் என்றால் சுமார் 12 கன மீட்டர் வரும், ஆக 28 நாள் சோதனைக்கு ஆறு கியூப். வீட்டு வேலையில் யாரும் இதைச் செய்வதில்லை என்று சொல்வார்கள். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்க முடியுமா என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் செய்யலாம். செலவு, மொத்த வீட்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

அனுமதிக்கு மாறாகக் கட்டியதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், பணிநிறைவுச் சான்று பார்க்காமல் மின்சாரம், குடிநீர் இணைப்புத் தரக் கூடாது என்றும், விதிமீறலுக்குத் துணைபோன அலுவலர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னது. எந்த வகைக் கட்டிடத்துக்குப் பணிநிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு என்பதை அந்தந்த நேரத்துத் திருத்தத்தில் பார்த்து, வீட்டுக்காரருக்கு வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரர் உங்கள் பேச்சைக் கேட்காமல் மேற்கொண்டு ஒரு தளம் ஏற்றுகிறார், உங்களைக் கூப்பிடாமலே கான்கிரீட் போடுகிறார் என்றால் விலகத்தான் வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வருவது விலகல் ஆகாது. கடிதம் இப்படி இருக்கலாம்: "மேற்படி மனையில் அனுமதி எண் இன்னதன்படி நடைபெறும் கட்டுமானத்தின் மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து இன்று முதல் விலகுகிறேன். இன்றுவரை நான் நேரில் பார்த்து ஒப்புதல் தந்தது பிளிந்த் பெல்ட் வரையிலான வேலை மட்டுமே. அதன்பின் நடந்த, நடக்கும் வேலைக்கு வேறு பதிவுபெற்ற பொறியாளரை நியமித்த பிறகே தொடர வேண்டும்." ஒரு பிரதி உரிமையாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில், ஒரு பிரதி அனுமதி தந்த அலுவலகத்துக்கு, ஒப்புகை முத்திரையோடு. அன்றைய தேதியில் கட்டிடம் எந்த நிலையில் நிற்கிறது என்று நான்கு பக்கமும் எடுத்த படங்களை மூன்றாவது பிரதியோடு சேர்த்து உங்கள் கோப்பில் வைக்க வேண்டும்.